கொல்வதா, மருந்து கொடுப்பதா, தனியே வைப்பதா? இண்டிகோ பாம்புகளும் கிரிப்டோவும்

அமெரிக்க மண்ணின் பாம்புகளில் மிக நீளமானது கிழக்கு இண்டிகோ பாம்பு. எட்டடிக்கு மேலும் வளரும், வெயில் பட்டால் கருநீலமாக மின்னும். 1978 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அலபாமாவில் அற்றுப்போன இந்த இனத்தை மீட்க, கோனெக்கா தேசியக் காட்டில் 2010 முதல் வளர்ப்புப் பாம்புகளை விடுகிறார்கள்.

இப்படி இனப்பெருக்கத்துக்காக வைத்திருக்கும் ஒரு பெண் பாம்புக்கு 'கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ்' (சுருக்கமாக கிரிப்டோ) என்ற ஒட்டுண்ணி வந்துவிட்டால் என்ன செய்வது? முன்னால் இருப்பது மூன்று வழி.

முதலில் நோயைப் பார்ப்போம். விழுங்கிய எலியை மூன்று நாள் கழித்து அரைகுறையாகச் செரித்த நிலையில் பாம்பு கக்கி வைத்திருக்கும். வயிற்றுப்பக்கம் விரலால் மெல்லத் தடவினால் உடம்பின் நடுவில் கெட்டியாக ஒரு புடைப்பு தட்டுப்படும். இரைப்பைச் சுவர் தடித்துப்போயிருக்கிறது. இதைவிடக் கொடுமை, அறிகுறியே காட்டாத பாம்பு. அது மாதக்கணக்கில் மலத்தோடு கிருமியைக் கழிக்கும், அதுவும் விட்டு விட்டு. ஒரு தடவை பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாகிவிட முடியாது.

கொன்றுவிடுவதுதான் பலர் சொல்லும் முதல் யோசனை. மற்ற பாம்புகளைக் காப்பாற்ற அதுதான் வேகமான வழி, மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒவ்வொரு பாம்பும் ஒரு வம்சாவளி, போனால் திரும்பாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இரையாகப் போடும் எலிக்கே வேறு வகை கிரிப்டோ இருக்கலாம். அது பாம்பின் குடல் வழியாகச் சும்மா கடந்து வந்து நுண்ணோக்கியில் தெரியும். எந்த வகை என்று மரபணுச் சோதனையில் உறுதி செய்யாமல் கொன்றால், நோயே இல்லாத பாம்பைக் கொன்றதாக ஆகிவிடலாம்.

மருந்து? பரோமோமைசின் கொடுத்தால் மலத்தில் கிருமி குறையலாம். இரைப்பைச் சுவரில் ஒன்றும் மிச்சமில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 1990களின் கடைசியில், கிரிப்டோவுக்கு எதிராக நோயெதிர்ப்பு ஏற்றிய பசுவின் சீம்பாலைப் பாம்புகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலனும் தெரிந்தது. ஆனால் அது வேண்டும்போது கடையில் கிடைக்கும் மருந்தாக மாறவில்லை. மருந்தால் பாம்பு தேறலாம், தேறட்டும். அதைக் காட்டில் விட மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: ஆயுள் முழுக்கத் தனி அறை. வேலை அதிகம்தான். தனி இடுக்கி, தனி தண்ணீர்த் தொட்டி, தனி வாளி. ஆரோக்கியமான பாம்புகளை எல்லாம் கவனித்து முடித்த பிறகே அந்த அறைக்குள் போக வேண்டும். வழக்கமாகத் துடைக்கும் ப்ளீச்சுக்கு இந்தக் கிருமியின் ஓடு அசையாது; நீராவிச் சூடோ, நெடுநேரம் ஊறும் அமோனியாவோ வேண்டும். இவ்வளவு பாடும் எதற்கு? முட்டைக்குத்தான். ஒட்டுண்ணி குடியிருப்பது இரைப்பையில், பரவுவது மலத்தில். இட்ட முட்டையை உடனே எடுத்து, ஒட்டிய அழுக்கை நீக்கி, வேறிடத்தில் பொரிக்கவைத்துத் தனியாக வளர்த்தால், தாயின் நோயை விட்டுவிட்டு அதன் மரபை மட்டும் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. குஞ்சுகளைப் பலமுறை சோதித்த பிறகே வெளியே விட வேண்டும். இண்டிகோ பாம்பு மற்ற பாம்புகளைப் பிடித்துத் தின்னும் இனம், கோஃபர் ஆமை வளைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் இனம். அதே வளைகளுக்குள் மற்ற பாம்புகளும் வந்து போகின்றன. நோயோடு ஒன்றை வெளியே விட்டால் அவற்றுக்கும் பரவலாம்.

சரி, வைரஸ் என்றால்? அங்கே என் கணக்கு மாறும். ஃபெர்லா வைரஸ் 1970களில் சுவிட்சர்லாந்தின் ஒரு விரியன் பண்ணையைத் தாக்கியபோதுதான் முதலில் தெரியவந்தது. மூச்சுச் சளி வழியாகப் பரவும், நுரையீரலைப் பிடிக்கும், ஒரு கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். அதைக் கொல்ல மருந்தும் இல்லை. இடுக்கியைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, காற்றையே பிரிக்க வேண்டும். மூச்சு இரைத்து, வாயில் சளி நுரைக்கும் பாம்பில் அது உறுதியானால், கருணைக்கொலைக்கு நான் தயங்க மாட்டேன். புதிதாக வரும் பாம்பை 90 நாளாவது வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கிரிப்டோவுக்கு அந்த 90 நாளும் போதாது.