ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்டில் எந்த இடம் நல்லது? எட்டு சீசன் ஆடிய அனுபவம்

மினியாபொலிஸில் எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஃபேண்டஸி ஃபுட்பால் லீக் நடத்துகிறோம். அமெரிக்கக் கால்பந்தின் நிஜ வீரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி; நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. சீசனுக்கு முன் முறை வைத்து வீரர்களை ஒவ்வொருவராக எடுப்பதுதான் டிராஃப்ட், ஒவ்வொரு முறை எடுப்பதும் ஒரு பிக். ஒருவர் எடுத்த ஆள் மற்றவருக்குக் கிடையாது. நான் 2017இல் சேர்ந்தேன். 2024 வரை எட்டு சீசன் ஆடியிருக்கிறேன். முதல் இடம், நடு இடம், கடைசி இடம் மூன்றிலிருந்தும் ஆள் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆகஸ்ட் பிறந்தால் புதிதாக ஆட வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனையாவது பிக் கிடைத்தால் நல்லது?" என்பதுதான். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு பேர் லீகில் எனக்குப் பத்தாவது இடம் வேண்டும். அந்த முடிவுக்கு வர எனக்கு ஏழு வருடம் ஆனது.

எங்களுடையது ஸ்நேக் டிராஃப்ட். முதல் ரவுண்டில் 1 முதல் 12 வரை, அடுத்த ரவுண்டில் 12இலிருந்து திரும்பி 1 வரை, பாம்பு வளைந்து போவதுபோல. ஒரு கேட்சுக்கு அரைப் புள்ளி. ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டு வைட் ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (தடுப்பது, பிடிப்பது இரண்டும் செய்பவர்), ஒரு ஃப்ளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் வைக்கும் இடம்). 2020 வரை சீட்டுக் குலுக்கி, வந்த எண்தான் இடம். 2021இலிருந்து, சீட்டில் முதலில் பெயர் வருகிறவர் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்றினோம். பெரிய பரிசுப் போட்டிகளில் கென்டக்கி டெர்பி முறை என்று சொல்வது கிட்டத்தட்ட இதுதான். இந்த மாற்றத்துக்கு அப்புறம்தான் இடத்தைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தேன்.

முதல் வருடம் குலுக்கலில் எனக்கு 1 வந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். அரிசோனாவின் டேவிட் ஜான்சனை எடுத்தேன். முதல் வாரம், டெட்ராய்ட்டுக்கு எதிரான ஆட்டத்திலேயே அவருக்கு மணிக்கட்டு விலகியது. அந்த சீசனில் அவர் திரும்பி வரவே இல்லை. என்னுடைய இரண்டாவது ஆள் வருவதற்கு முன் மற்றவர்கள் 22 பேரை எடுத்திருந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட என்னிடம் யாரும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் லீகின் முதல் பிக் யார், என்ன ஆனார் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 2018இல் டாட் கர்லி: புள்ளிகளைக் கொட்டினார், 21 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). ஆனால் எங்கள் இறுதி ஆட்டம் நடந்த 16ஆவது வாரத்தில் முழங்கால் வலியால் ஆடவில்லை. 2019இல் சேக்வான் பார்க்லி, 13 ஆட்டம். 2020இல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, 3 ஆட்டம். 2021இலும் அவரே, 7 ஆட்டம். 2022இல் ஜொனாதன் டெய்லர், 11. 2023இல் ஜஸ்டின் ஜெஃபர்சன், 10. 2024இல் மறுபடி மெக்காஃப்ரி, 4. ஒருவர்கூட சீசன் முழுக்க ஆடவில்லை.

இதை வைத்து முதல் இடம் ராசியில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு வருடம் என்பது சின்னக் கணக்கு. 2019இல் இரண்டாவதாகப் போன மெக்காஃப்ரி ஓட்டத்தில் 1,387 கஜம், கேட்சில் 1,005 கஜம் எடுத்து, வாங்கியவரை அவர் ஒருவரே தூக்கி நிறுத்தினார். அப்படி ஒரு ஆள் முழுசாகக் கிடைத்தால் முதல் இரண்டு இடங்களுக்கு ஈடே இல்லை. ஆனால் ரன்னிங் பேக் என்பது வாரத்துக்கு இருபது முறை அடிவாங்கும் வேலை. ஒரே ஆளை நம்பி, அடுத்த 22 பேர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது டிராஃப்ட் அன்று தெரிவதில்லை.

ஸ்நேக் முறை எல்லோருக்கும் சமம் என்பார்கள். எண்களைக் கூட்டினால் அப்படித்தான் தெரியும்: 1ம் 24ம் கூட்டினால் 25, 6ம் 19ம் கூட்டினாலும் 25, 12ம் 13ம் கூட்டினாலும் 25. ஆனால் முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் 20ஆவது ஆளுக்கும் 24ஆவது ஆளுக்கும் இடையே இருக்காது. மேலே சரிவு செங்குத்து, கீழே போகப் போகத் தட்டை. அதனால் ஏட்டளவில் முன்னால் இருப்பவருக்குத்தான் லாபம். இதைச் சரிக்கட்டத்தான் சில லீகுகளில் மூன்றாவது ரவுண்டைத் திருப்பிவிடுகிறார்கள். அங்கே 12ஆம் இடத்துக்காரர் 12, 13, 25 என்று எடுப்பார். முதல் இடத்துக்காரருக்கு 1, 24, 36. உங்கள் லீகில் இந்த விதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கடைசி இடங்களைக் கேளுங்கள்.

முதல் பிக் கையில் இருந்தால் சரியான ஆளை எடுத்துவிடுவோம் என்பதும் நிச்சயமில்லை. இந்த விளையாட்டு பிறந்த 1963ஆம் வருடம் ஓக்லண்டில் நடந்த முதல் டிராஃப்டில் முதலில் போனவர் குவார்ட்டர்பேக் ஜார்ஜ் பிளாண்டா, அடுத்துத்தான் ரன்னிங் பேக் ஜிம் பிரவுன். அந்த சீசனில் பிரவுன் 1,863 கஜம் ஓடினார்.

2021இல் ஆறாவது இடத்தில் இருந்தேன். 6, 19, 30, 43. ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு பேர் போனதும் என் முறை வந்துவிடும். எல்லோரும் வரிசையாக டைட் எண்ட் எடுக்க ஆரம்பித்தால் அந்த ஓட்டத்தின் நடுவிலேயே நானும் ஒருவரை எடுத்துவிடலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இந்த நடு இடத்தைத்தான் சொல்வேன். பெரிய தவறு செய்ய அது விடாது. டெய்லரை எடுத்தேன், அவர் 1,811 கஜம் ஓடினார். அந்த வருடம் கோப்பையைத் தூக்கியவர் ஐந்தாவது ரவுண்டில் கூப்பர் கப் என்ற ரிசீவரை எடுத்தவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1,947 கஜம், 16 டச்டவுன். அதற்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை.

2022இல் நானே 12 கேட்டு வாங்கினேன். இரண்டு பேரை ஒரே மூச்சில் எடுப்பதில் தனி சுகம் இருக்கிறது, ஒருவருக்கு ஒருவர் துணையாகப் பார்த்து எடுக்கலாம். ரிசீவர் டவான்டே ஆடம்ஸ், டைட் எண்ட் ட்ராவிஸ் கெல்சி. இருவரும் அந்த வருடம் பிரமாதமாக ஆடினார்கள். அப்புறம் வந்தது காத்திருப்பு. 13க்கும் 36க்கும் நடுவே 22 பேர். நான் மனதில் வைத்திருந்த ரன்னிங் பேக்குகள் ஒவ்வொருவராகப் போனார்கள், கூடவே குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனும் டைட் எண்ட் மார்க் ஆண்ட்ரூஸும். என் முறை வந்தபோது ஜே.கே. டாபின்ஸை எடுத்தேன். அவர் ஆடியது 8 ஆட்டம். கடைசி இடத்தில் இருப்பவர் ஒரே வகை ஆளை எல்லோரும் வரிசையாக எடுக்கும் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கலாம், அல்லது அது முடிந்த பிறகு வந்து பார்க்கலாம்; நடுவில் நுழைய முடியாது. ஒரு ஆளை ஒரு ரவுண்டு முன்னதாகவே எடுக்கும் மனது இல்லையென்றால் 12 சரிப்பட்டு வராது. எனக்கு அந்த மனது இல்லை.

2023இல் சீட்டில் என் பெயர் முதலில் வந்தது. ஊரே ஜெஃபர்சன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அவருடைய அணியான எங்கள் ஊர் வைக்கிங்ஸின் ரசிகன். முதல் இடத்தைக் கேட்டேன். அக்டோபர் 8, ஐந்தாவது வாரம், கேன்சஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டம் எங்கள் ஊரில். நான் மைதானத்தில்தான் இருந்தேன். அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு போனபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் மொத்தமாக மௌனமானது இப்போதும் நினைவில் இருக்கிறது. ஏழு ஆட்டம் அவர் இல்லை. என் அணி ப்ளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, போகவில்லை. அந்த வருடம் யாருமே டிராஃப்டில் எடுக்காத புக்கா நக்குவாவை வேவரில் (டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்களைப் பின்னால் எடுக்கும் வழி) தூக்கியவர் போனார்.

அந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்து பழைய டிராஃப்டுகளை வரிசையாகப் பார்த்தேன். முதலில் யாரை எடுக்கிறோம் என்பதைவிட, என் இரண்டு பிக்குகளுக்கு நடுவே யார் யார் எடுக்கிறார்கள் என்பதுதான் என் அணியைத் தீர்மானித்திருந்தது. பத்தாவது இடத்தில் 10, 15, அப்புறம் 34, 39, பிறகு 58, 63. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே நான்கே பேர். அந்த நான்கையும் எடுப்பவர்கள் 11ஆவது, 12ஆவது இடத்துக்காரர்கள் மட்டுமே. அந்த இரண்டு அணிகளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தால் போதும். யாரை இப்போது எடுக்க வேண்டும், யார் திரும்பி வரும்வரை காத்திருப்பார் என்று பெரும்பாலும் கணித்துவிடலாம். மூன்றாவது இடத்திலும் இதே வசதி உண்டு, 22க்கும் 27க்கும் நடுவே. ஆனால் அங்கே அது இரண்டாவது ரவுண்டில்தான் தொடங்கும். 12ஆம் இடத்தில் யாரையும் கணிக்க வேண்டியதே இல்லை, அடுத்தடுத்து இரண்டும் உங்களுடையவை. நான் சொல்லும் ஆதாயமும் அங்கே இல்லை.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆட்களைத் தர அடுக்குகளாகப் பிரித்து எழுதுங்கள். மேல் அடுக்கில் மூன்றே பேர் என்றால் 3ஆம் இடம் 1ஐவிடச் சிறந்தது. எட்டு ஒன்பது பேர் சமமாக இருந்தால் பின்னால் போங்கள். பத்துப் பேர் லீகில் கடைசி இடத்தின் காத்திருப்பு 18 பேர்தான், அங்கே பத்தாவது இடமும் பெரிதாக வலிக்காது.

2024இல் 10ஐக் கேட்டு வாங்கினேன். பத்தாவதாக பார்க்லி இருந்தார். அப்போதுதான் பிலடெல்பியாவுக்கு மாறியிருந்தார், காயம் பற்றிய பயத்தில் மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். அந்த சீசனில் 2,005 கஜம் ஓடினார். ஆனால் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது 58ஆவது பிக்கைத்தான். எனக்கு குவார்ட்டர்பேக் இல்லை, ஜோ பர்ரோ பட்டியலில் மேலே இருந்தார். எனக்குப் பின்னால் இருந்த இரண்டு அணிகளைப் பார்த்தேன், இரண்டிலும் ஏற்கனவே குவார்ட்டர்பேக் இருந்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரிசீவரை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நான்கு பெயர்கள் போயின. 63இல் பர்ரோ அப்படியே இருந்தார். அந்த வருடம் 43 டச்டவுன் பாஸ் போட்டார், லீகிலேயே அதுதான் அதிகம்.