ஹெச்பி கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்: அட்டைப் பெட்டி விலையை நம்பி வாங்காதீர்கள்

ஹெச்பி டெஸ்க்ஜெட் வரிசையின் சிறிய பிரிண்டர்களை இயந்திரமாக மட்டும் பார்த்தால் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. எழுத்து கூர்மையாக விழுகிறது. ஸ்கேனர் வீட்டுத் தேவைக்குப் போதும். காகிதத்தில் மையைத் தெளிக்கும் பிரிண்ட் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருவதால், ஹெட் அடைத்துக்கொண்டாலும் கார்ட்ரிட்ஜை மாற்றினால் தீர்ந்தது. இடறுவது வேறு இடத்தில். காசு கொடுத்து வாங்கிய பிறகும், எந்த மையை ஏற்பது, எதை மறுப்பது என்பதை முடிவு செய்வது நிறுவனம்தான். அதையும் சேர்த்துப் பார்த்தால், வாரத்துக்குப் பத்துப் பக்கம் அச்சடிக்கும் வீட்டுக்குக்கூட இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

முதலில் கணக்கு. இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைத்த ஹெச்பி 680 கார்ட்ரிட்ஜில் கறுப்பு 480 பக்கம், மூவண்ணம் 150 பக்கம் வரும் என்று நிறுவனமே சொல்கிறது. ஒன்றின் விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கறுப்புப் பக்கத்துக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 88 காசு. வண்ணப் பக்கத்துக்கு மூவண்ண மை மட்டுமே 6 ரூபாய். அந்த 480 என்பதும் நிறுத்தாமல் தொடர்ந்து அச்சடித்துச் சோதிக்கும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறையில் எடுத்த எண். வீட்டில் நான்கு நாளைக்கு ஒருமுறை இரண்டு பக்கம் அடிப்போம். இடையில் ஹெட்டைச் சுத்தம் செய்துகொள்ளவே பிரிண்டர் கொஞ்சம் மையைத் தின்றுவிடும். புதுப் பிரிண்டரோடு வரும் ‘செட்டப்’ கார்ட்ரிட்ஜில் மை இன்னும் குறைவு. பிரிண்டர் வாங்கிய மாதமே கார்ட்ரிட்ஜ் வாங்க ஓட வேண்டியிருப்பது தற்செயல் இல்லை. பிரிண்டரை மலிவாகத் தள்ளிவிட்டு மையில் லாபம் எடுப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. அதை நிறுவனம் ஒளித்து வைத்ததும் இல்லை. ஹெச்பியின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த என்ரிக் லோரஸ் 2024 ஜனவரியில் சிஎன்பிசி தொலைக்காட்சியில் இதைப் பச்சையாகவே சொன்னார்: ஒருவர் பிரிண்டர் வாங்கும்போது அது எங்களுக்கு ஒரு முதலீடு, அவர் போதிய அளவு அச்சடிக்காவிட்டாலோ, எங்கள் மையை வாங்காவிட்டாலோ அது நஷ்ட முதலீடு.

அந்த முதலீட்டுக்குக் காவல்தான் ‘டைனமிக் செக்யூரிட்டி’. கார்ட்ரிட்ஜில் ஒரு சிப் இருக்கும். பிரிண்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அதனுடன் பேசி, அது ஹெச்பியின் சிப்தானா என்று சரிபார்க்கும். வேறு நிறுவனங்கள் அந்தப் பேச்சைப் படித்து, அதேபோல் பதில் சொல்லும் சிப்பைச் செய்து மலிவாக விற்கின்றன. இணையம் வழியாக அடுத்த ஃபர்ம்வேர் வந்ததும் கேள்வி மாறிவிடும். நேற்றுவரை வேலை செய்த கார்ட்ரிட்ஜ் இன்று ‘கார்ட்ரிட்ஜில் கோளாறு’ என்ற செய்தியோடு நின்றுவிடும். கார்ட்ரிட்ஜில் ஒரு கோளாறும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

இது பெரிதாக வெடித்தது 2016 செப்டம்பர் 13 அன்று. ஹெச்பியின் ஆஃபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பல, ஒரே நாளில் வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை மறுத்தன. அந்தக் கட்டளை முன்பே ஃபர்ம்வேரில் ஏறி, தேதிக்காகக் காத்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், வாடிக்கையாளருக்கு ஒழுங்காகத் தெரிவிக்காமல் விட்டது தவறு என்று ஒப்புக்கொண்டு, பூட்டை நீக்கும் மாற்று ஃபர்ம்வேரை ஹெச்பி வெளியிட்டது. அதாவது, வருந்தியது முன்கூட்டிச் சொல்லாமல் பூட்டியதற்கு; பூட்டியதற்கே இல்லை. பூட்டு அடுத்தடுத்த மாடல்களிலும் தொடர்ந்தது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இழப்பீட்டு ஏற்பாடுகள் நடந்தன. ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே சில்லறை.

பாதுகாப்புக்காகத்தான் இப்படிச் செய்கிறோம், போலி கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் வரலாம் என்பது நிறுவனத் தரப்பு. கார்ட்ரிட்ஜ் சிப் அனுப்பும் தரவைப் படிக்கும் இடத்தில் ஓட்டை இருந்தால், அது பிரிண்டரின் ஃபர்ம்வேரில் உள்ள ஓட்டை. அடைக்க வேண்டியது அதைத்தான். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்பதற்காக, எங்கள் கடையில் பால் வாங்குபவர் மட்டும் உள்ளே வரலாம் என்று யாரும் சொல்வதில்லை. சிப் இல்லாமலும் பிரிண்டர் ஓடும் என்பதைக் காட்டியது கேனான். 2022 தொடக்கத்தில் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, தன் அலுவலகக் காப்பியர்களுக்குச் சிப் இல்லாத டோனரை (மைப்பொடிக் குப்பியை) அனுப்பி, திரையில் வரும் எச்சரிக்கையை எப்படித் தள்ளிவிட்டு அச்சடிப்பது என்று அந்த நிறுவனமே வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தது. அச்சுத் தரம் கெடாது என்ற உறுதியும் சேர்ந்தே வந்தது.

நம்மூர் ஆட்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ரீஃபில் வேறு, வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் வேறு. அசல் ஹெச்பி கார்ட்ரிட்ஜில் ஊசியால் மை ஏற்றினால் சிப் அசலாகவே இருக்கிறது. டைனமிக் செக்யூரிட்டி அதைத் தடுப்பதில்லை என்பது நிறுவனத்தின் எழுத்துபூர்வமான நிலைப்பாடு. மை அளவு காலி என்றே காட்டும். ‘பயன்படுத்திய அல்லது போலி கார்ட்ரிட்ஜ்’ என்று எச்சரிக்கும். ஓகே கொடுத்தால் அச்சடிக்கும். ஆகவே, ரீஃபில் செய்யப் போகிறவர் காலி அசல் கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறியக் கூடாது. முழுக்கக் காய விடவும் கூடாது, காய்ந்தால் ஹெட் போய்விடும். மை ஏற்றும்போது அவசரம் வேண்டாம். உள்ளே இருப்பது பஞ்சு. மெதுவாக, சில மில்லி மட்டும். வேகமாக அழுத்தினால் மூவண்ண கார்ட்ரிட்ஜில் ஒரு நிறம் பக்கத்து அறைக்கு வழிந்து, மஞ்சள் பச்சையாகிவிடும். ஒரே ஹெட் நான்கைந்து ரீஃபில் தாங்கினால் நல்ல ஆயுள்.

ரீஃபில்லையும் கெடுக்கும் ஓர் அமைப்பு உள்ளே இருக்கிறது: ‘கார்ட்ரிட்ஜ் ப்ரொடெக்‌ஷன்’. இது இயங்கினால், ஒரு பிரிண்டரில் போட்ட கார்ட்ரிட்ஜ் அந்தப் பிரிண்டருக்கே நிரந்தரமாகக் கட்டுப்பட்டுவிடும்; இன்னொன்றில் போட்டால் ஏற்காது. ஒருமுறை பூட்டியதைப் பிறகு திறக்க முடியாது. அதனால் புதுப் பிரிண்டரில் முதல் வேலையாக இதை அணைக்க வேண்டும். நெட்வொர்க் விவரத் தாளை அச்சடித்து, வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரின் முகவரியான ஐபி எண்ணை எடுங்கள். அதைக் கணினி பிரவுசரில் தட்டினால் பிரிண்டரின் உள்பக்கம் திறக்கும். அங்கே அமைப்புகள் பகுதியில் இந்தப் பெயரைத் தேடி நிறுத்துங்கள். அதே பக்கத்தில் டூல்ஸ் பகுதியில் ‘பிரிண்டர் அப்டேட்ஸ்’ என்றிருக்கும்; தானாகப் புதுப்பிப்பதையும் அங்கே நிறுத்தலாம். மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் மாறும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கு மட்டும் வெளி இணையத்தைத் தடுத்துவிடலாம். வீட்டு வைஃபையில் அச்சடிப்பது தடைபடாது.

இந்த வழிகள் எதுவும் ‘ஹெச்பி பிளஸ்’ பிரிண்டரில் நடக்காது. வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், வாங்கிக் கொண்டுவருபவர்கள் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அங்கே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால் அது ஹெச்பி பிளஸ் வகை. அமைக்கும்போது அதை ஏற்றுக்கொண்டால், பிரிண்டரின் ஆயுள் முழுக்க ஹெச்பி மை மட்டுமே, இணைய இணைப்பு எப்போதும் வேண்டும், ஃபர்ம்வேரை மறுக்க முடியாது. கூடுதல் வாரன்ட்டியும் சில மாதம் இலவச மையும் அதற்கான தூண்டில். பல மாடல்களில் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பிரிவுப் பூட்டும் உண்டு. டல்லாஸில் வாங்கிய பிரிண்டருக்கு மதுரையில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் பொருந்தாமல் போவது இதனால்தான். ஊருக்குக் கொண்டுவருவதைவிட அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுவது மேல்.

‘இன்ஸ்டன்ட் இங்க்’ என்ற ஹெச்பியின் மாதாந்திர மைச் சந்தாவையும் சொல்ல வேண்டும். அதில் கணக்கு மையில் இல்லை, பக்கத்தில். ஒரு வரி அடித்தாலும் ஒரு பக்கம், முழு வண்ணப் படம் அடித்தாலும் ஒரு பக்கம். படம் அதிகம் அடிப்பவருக்கு லாபம், வெறும் எழுத்து அடிப்பவருக்கு நஷ்டம். சந்தாவை நிறுத்தினால், நடப்பு மாதக் கணக்கு முடிந்ததும் கார்ட்ரிட்ஜ் தொலைவிலிருந்தே முடக்கப்படும்; உள்ளே முக்கால்வாசி மை இருந்தாலும் சரி.

மற்றவர்கள் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. மை தீர்ந்தால் ஸ்கேன்கூடச் செய்ய விடாத ஆல்-இன்-ஒன் பிரிண்டருக்காக, 2021-இல் அமெரிக்காவில் கேனான் மீது வழக்கு போட்டார்கள். லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தன் டோனரை ரீஃபில் செய்து விற்றவர்களைக் காப்புரிமை காட்டித் துரத்தியது. விற்ற பொருளின் மேல் அந்த உரிமை நீடிக்காது என்று 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சிப் பூட்டு காப்புரிமையை நம்பி நிற்பதில்லை. அதனால் அந்தத் தீர்ப்பு வீட்டுப் பிரிண்டர் வைத்திருப்பவருக்கு நடைமுறையில் அவ்வளவாக உதவவில்லை.

ஆகவே வாங்கினால் டேங்க் பிரிண்டர். மையைக் குப்பியிலிருந்து நேராக ஊற்றுவது. எப்சன் இதை 2010-இல் இந்தோனேசியாவில் தொடங்கி, அடுத்த ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வெளிக் குழாய் போட்டு மை ஏற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்களின் கைவேலைதான் இதற்கு முன்னோடி. எப்சன் 003 கறுப்புக் குப்பி 65 மில்லி, 4,500 பக்கம். குப்பி 500 ரூபாய் என்று வைத்தால்கூடப் பக்கத்துக்கு 11 காசு. ஹெச்பியின் டேங்க் வகையும் கேனானின் ஜி வரிசையும் இதே தரம்தான். ஒரு வேறுபாடு முக்கியம்: ஹெச்பி, கேனான் டேங்குகளில் கறுப்பு மை பிக்மென்ட், தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது. எப்சன் 003 கறுப்பு டை மை, ஈரக் கை பட்டால் பரவும். சான்றிதழ், விண்ணப்பம் அதிகம் அடிப்பவர் இதைப் பார்த்து வாங்கலாம்.

எப்சனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெட் சுத்தம் செய்யும்போது வடியும் மை அடியில் உள்ள பேடில், அதாவது மையை உறிஞ்சும் மெத்தையில், சேரும். அதற்கு ஒரு கவுன்ட்டர் உண்டு. எல்லையைத் தொட்டதும் விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டி பிரிண்டர் நின்றுவிடும். இயந்திரம் நன்றாகவே இருக்கும். தெருவுக்குத் தெரு ரீசெட் செய்து கொடுக்கிறார்கள். பேடை மாற்றாமல் கவுன்ட்டரை மட்டும் பூஜ்யமாக்கினால், சில மாதத்தில் மேசையெல்லாம் மை ஒழுகும். பேடு மாற்றினீர்களா என்று கேட்டுப் பழைய பேடைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். விலை கூடிய சில மாடல்களில் நாமே கழற்றி மாற்றும் பெட்டி இருக்கிறது. கூடுதல் தொகை அதற்கே தகும்.

எந்த வகையானாலும் வாரம் ஒரு நாசில் செக் (ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) அடித்துவிடுங்கள். அணைக்கும்போது பிரிண்டரின் பட்டனில்தான் அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சைத் தட்டினால் ஹெட் மூடிக்கு வந்து சேராமல் பாதி வழியில் நின்று காயும். டேங்க் பிரிண்டரில் ஹெட் போனால் செலவு பெரிது.

ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்திருப்பவர், மூவண்ணம் தீர்ந்துபோனால் உடனே வாங்க வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு மூடியைச் சாத்துங்கள். பெரும்பாலான டெஸ்க்ஜெட்டுகள் கறுப்பை மட்டும் வைத்து ஓடும். புதிதாக வாங்குபவர், ஹெச்பி சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டுமே ஏற்கும் என்ற வாசகம் பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ இருக்கிறதா என்று தேடி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு வாசகம் இல்லாமல் விற்று, பிறகு ஃபர்ம்வேரில் பூட்டினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க அந்தப் படமும் பில்லும் போதும்.