கேபிளா, தொலைபேசியா: மூன்று சேவையும் ஒரே பில்லில் வேண்டுமென்றால்

டிவி, இன்டர்நெட், லேண்ட்லைன் மூன்றும் ஒரே பில்லில் என்று கேபிள் நிறுவனமும் கூப்பிடுகிறது, தொலைபேசி நிறுவனமும் கூப்பிடுகிறது. சலுகை விலையை ஒப்பிடுவதற்கு முன் வீட்டுக்குள் எந்தக் கம்பி வரப்போகிறது என்று கேளுங்கள். தொல்லையும் சுகமும் அதில்தான் இருக்கிறது.

தொலைபேசிக்காரர் பழைய செம்புக் கம்பியில் தருகிறார் என்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து (தொலைபேசி நிலையம்) தூரம் முக்கியம். செம்புக் கம்பியில் இன்டர்நெட் தரும் ஏடிஎஸ்எல்2+ முறையில் அதிகபட்சம் 24 எம்பிபிஎஸ், 4 கி.மீ. தள்ளியிருந்தால் அதில் கால்வாசி கிடைப்பதே பெரிது. டிவியும் அதே கம்பியில் வருவதால், ஒரு எச்டி சேனல் ஓடினாலே இன்டர்நெட் திணறும். அங்கே கேபிளை எடுங்கள். டிவி சேனல்களுக்கும் இன்டர்நெட்டுக்கும் அதில் தனித்தனி அலைவரிசை.

கேபிளின் பலவீனம் அப்லோட். பல நெட்வொர்க்குகளில் அதற்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இடம்; அதையும் அந்தப் பகுதி வீடுகள் எல்லாம் பங்குபோட வேண்டும். ஒரு வீட்டில் கனெக்டர் லூசாக இருந்தால் உள்ளே நுழையும் இரைச்சல் மற்ற வீடுகளையும் கெடுக்கும். வீட்டுக்குள் கம்பியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரையும் பாருங்கள்: இரண்டாகப் பிரிக்கும் ஒன்றே சிக்னலில் சுமார் 3.5 டெசிபல் தின்றுவிடும். ஆள் வந்து பொருத்தும்போதே, முதல் ஸ்ப்ளிட்டரிலிருந்து மோடத்துக்கு நேராகக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் நிலைப் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் (வீட்டுக்கு வரும் சிக்னல்) அளவு -7 முதல் +7 டிபிஎம்வி (சிக்னல் வலிமையின் அலகு) வரை இருந்தால் நல்லது. அப்ஸ்ட்ரீம் (மோடம் வெளியே அனுப்பும் சிக்னல்) 50 டிபிஎம்வி-ஐ நெருங்கினால் கனெக்டரையும் ஸ்ப்ளிட்டரையும் சந்தேகப்படுங்கள்.

தொலைபேசி நிறுவனம் வீடு வரைக்கும் ஃபைபர் கொண்டுவந்தால் கதையே வேறு. கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் டவுன்லோட் 2.488 ஜிபிபிஎஸ், அப்லோட் 1.244 ஜிபிபிஎஸ், பெரும்பாலும் 32 வீடுகளுக்குப் பொதுவாக. மின் இரைச்சல் அண்டாது. மூலையில் இறுக்கி மடித்து ஆணி அடித்தால் மட்டும் ஒளி கசியும். வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் அந்த மடிப்பைப் பாருங்கள்.

லேண்ட்லைனை அவசரத்துக்கு நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் அனுப்புகிறது, கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபரிலும் கேபிளிலும் வீட்டுப் பெட்டி அணைந்தால் போனும் அணையும். சின்ன யுபிஎஸ் (பேட்டரிப் பெட்டி) வையுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் அதில் செருக வேண்டும்.

சலுகைக் காலம் முடிந்தபின் மாத வாடகை, பெட்டி வாடகை, டிவியை மட்டும் நிறுத்தினால் மற்ற இரண்டின் விலை: இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் மாறும்போது பழைய இணைப்பை முந்திக்கொண்டு ரத்து செய்யாதீர்கள். எண் புதிய இடத்துக்கு மாறி, ஒரு அழைப்பு வந்து பார்த்த பிறகே ரத்து செய்யுங்கள். அவசரப்பட்டால் எண் கைவிட்டுப் போகலாம்.