கம்பெனி பிஸ்டலா, பேஜெட்டா, ஸ்னைடரா: முதலில் எதை வாங்கலாம்?

திருநெல்வேலிச் சீமையில் பழைய துப்பாக்கி சேர்க்க நினைப்பவருக்கு ஒரு குறை உண்டு. பாளையக்காரர் போர் அடங்கிய கையோடு, 1801 டிசம்பரில், தெற்கே ஆயுதப் புழக்கத்தையே தடை செய்து கம்பெனி அரசு பிரகடனம் போட்டது. ராஜஸ்தானத்து அரண்மனைகளைப் போலப் பரம்பரை ஆயுதச்சாலைகள் இங்கே அவ்வளவாக மிஞ்சவில்லை. நம் கைக்கு வருவது பெரும்பாலும் வெளியூர்ச் சரக்குதான். யார் வைத்திருந்தது, எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி குறைவு. அதனால் முத்திரை, தேய்மானம், அரிப்பு என்று பொருளே தன் வரலாற்றைக் காட்ட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுக் குதிரைப்படைத் துப்பாக்கிகளில் மூன்றை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

அதற்கு முன் சட்டம். பழசு என்றாலே லைசென்ஸ் வேண்டாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான். நல்ல நிலையில் இருக்கும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தேவை. விற்பவரிடம் தாள் இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பேஜெட் கார்பைன், அதாவது குதிரை வீரருக்கான குட்டைக் குழல் துப்பாக்கி, அழகில் முதலிடம். 1808 வாக்கில் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படைக்கு வந்தது. குழல் 16 அங்குலம்தான். மருந்து கெட்டிக்கும் கம்பி குதிரை ஓட்டத்தில் கீழே விழாதபடி, குழல் முனையில் கீல் போட்டு மாட்டியிருப்பார்கள். வாட்டர்லூ போர் வரை போன துப்பாக்கி என்பதால் மோகம் அதிகம், மோசடியும் அதிகம். பேஜெட் போன்ற கல் துப்பாக்கிகள் பலவற்றைப் பின்னாளில் கேப்பு (அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும்படி மாற்றினார்கள். இப்போது விலைக்காக அவற்றையே திரும்பக் கல் துப்பாக்கியாக்கி விற்பவர்களும் உண்டு. சுடும் பொறியைத் தாங்கும் பூட்டுத் தகட்டில் அடைத்த ஓட்டை, மருந்துக்குத் தீ போகும் பற்றுத் துளையைச் சுற்றிக் குழலில் வெல்டிங் தழும்பு, இரண்டில் ஒன்று தெரிந்தாலும் விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படை பிஸ்டல்தான் என் தேர்வு. கேப்பு வைத்துச் சுடுவது, 9 அங்குலக் குழல், பித்தளைக் கட்டு, பேஜெட்டில் உள்ள அதே கீல் கம்பி. பூட்டுத் தகட்டில் பின்னங்காலில் நின்று கிரீடம் ஏந்திய சிங்கம் இருக்கும், சிலவற்றில் வருடமும் இருக்கும். அந்தச் சிங்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முத்திரையின் ஓரம் தகட்டோடு சேர்ந்தே மழுங்கியிருக்க வேண்டும். துருக்குழிக்கு மேலே சிங்கம் கூர்மையாக நின்றால் அது பிற்பாடு அடித்தது. அப்புறம் கேப்பு மாட்டும் இடம். கேப்பில் இருந்த உப்புகள் இரும்பை அரிக்கும். நிஜமாகப் படையில் சுட்ட பிஸ்டலில் கேப்பு மாட்டும் காம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும். வீட்டு அலங்காரத்துக்கென்று இன்று செய்து விற்கும் நகல்களில் அங்கே மொழுமொழுவென்று இருக்கும், அல்லது தேய்ப்பு உருளையின் ஒரே சீரான கோடு தெரியும். இவ்வளவு சாட்சி ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். நம் நாட்டுக் குதிரை வீரர்கள் சேணத்தில் செருகி வைத்திருந்த ஆயுதம் என்பது எனக்கு இன்னொரு பெரிய காரணம். பேஜெட்டைவிட இடமும் குறைவாகப் பிடிக்கும்.

ஸ்னைடர் வேறு காலத்தது. 1867-இல் வந்த குதிரைப்படை கார்பைன், .577 தோட்டா, பின்பக்கக் கதவை வலப்புறம் திறந்து போட வேண்டும். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வேண்டுமென்றே குழலுக்குள் சுழல் வரி இல்லாத, குறி தப்பும் தரம் குறைந்த துப்பாக்கியைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரப் படை அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு மாறிய பிறகே ஸ்னைடர் இவர்கள் கைக்கு வந்தது. வரலாறு கனமானது, ஆனால் முதல் துப்பாக்கியாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். தோட்டா போடும் ஆயுதம் என்பதால் லைசென்ஸ் விசாரணை கடுமையாக இருக்கும். வடமேற்கு எல்லைப்புறத்தில், கைபர் கணவாய்ப் பக்கப் பட்டறைகளில் அச்சாகச் செய்த கைபர் நகல்களும் சந்தையில் கலந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் முத்திரையில் ஆங்கில எழுத்து தலைகீழாக விழுந்திருக்கும். அப்படி இல்லாத நகல்கள்தான் ஆபத்து.

சரி, வாங்கியாயிற்று. அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் சாரல் ஈரம், தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்று. இரண்டுமே இரும்புக்கு எதிரி. இரும்புக்கு மட்டும் துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகத் தடவி, பஞ்சு உறை போடாமல் காற்றோட்டமாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுக்காகிவிடும். பித்தளைக் கட்டை மட்டும் யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 170 வருடப் பழுப்பு ஒரே காலையில் போய்விடும், மதிப்பும் அதோடு போகும்.