எல்லைக்கோட்டில் சுகர்: நடையா, மெட்ஃபார்மினா, இரண்டுமா?

வெறும் வயிற்றில் 100 முதல் 125, மூணு மாச சராசரி (எச்பிஏ1சி) 5.7 முதல் 6.4. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிறோம் என்று சொல்லும் இந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி "இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது, நடந்தே சரிபண்ணிடலாம்" என்கிறது, இன்னொன்று "மெட்ஃபார்மின்னு ஒரு மாத்திரைதானே, போட்டுக்கிட்டா என்ன" என்கிறது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, அதில் ஒன்று நம் ஊர் ஆட்களை வைத்தே நடந்தது. அதனால் யூகத்தில் சண்டை போடத் தேவையில்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். சுகர் இப்படி எல்லைக்கோட்டுக்கு வருவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு. இன்சுலின் எதிர்ப்பு என்றால் உடம்பில் இன்சுலின் இல்லை என்று பொருளல்ல, பெரும்பாலும் ஆரம்ப வருஷங்களில் தேவைக்கு மேலேயே சுரக்கிறது. கல்லீரலும் தசையும் அதன் பேச்சைக் கேட்பதில்லை, குறிப்பாக வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்துவிட்டால். கணையம் இன்னும் இன்னும் சுரந்து சமாளிக்கிறது, அதுவரை ரிப்போர்ட் நல்லபடியாகவே இருக்கும், அது களைத்துப்போகும்போதுதான் எண் ஏறத் தொடங்குகிறது. கை கால் ஒல்லியாக, தொப்பை மட்டும் இருப்பவர்களுக்கும் இது வருகிறது. நம் ஆட்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஆகவே எந்த வழியையும் எடைபோடும்போது நான் கேட்கும் கேள்வி: இது எண்ணை மட்டும் இறக்குகிறதா, எதிர்ப்பையே குறைக்கிறதா?

நடை இரண்டாவதைச் செய்கிறது. வேலை செய்யும் தசை இன்சுலினின் தயவு இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், அப்புறம் ஓரிரு நாள் வரை இன்சுலினுக்கும் நன்றாகவே இணங்கும். அந்தப் பலன் அவ்வளவு நாள்தான் நிற்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பத்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பது உதவாது. இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பின் வரும் குளுக்கோஸில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் தசைதான், ஐம்பது வயதுக்கு மேல் அது தானாகவே கரைந்துகொண்டிருக்கிறது.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலில் வேலை செய்கிறது. நாம் தூங்கும்போது கல்லீரல் அளவில்லாமல் வெளியே விடும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும். கணையத்தை விரட்டாது, எடையை ஏற்றாது, தனியாகப் போட்டால் லோ சுகர் வருவது அபூர்வம், விலையும் குறைவு. கிட்னியைக் கெடுத்துவிடும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள், அந்த ஒரு பயத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடைசியில் உயர்ந்த சுகரால் கிட்னியை இழப்பவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பழுதடைந்திருந்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும், அதனால் டாக்டர் அளவைக் குறைப்பார், ரொம்ப மோசமாக இருந்தால் நிறுத்துவார். அதன் உண்மையான தொல்லை வேறு: ஆரம்பத்தில் வயிறு கலக்கும் (சாப்பாட்டோடு போட்டால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கும்), வருஷக்கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம். கால் எரிச்சல் வந்தால் எல்லாப் பழியையும் சுகர் மேல் போடாமல் பி12 ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, மோதலுக்கு வருவோம். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கோடு இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் போட்டவர்களுக்கு 31 சதவீதம். நடைதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் கதை வேறு. மூன்று வருஷத்தில், வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டுக்கொண்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயே வந்துவிட்டது. நடை, உணவு மாற்றம் பிடித்தவர்களில் 39.3, மெட்ஃபார்மின் 250 மில்லிகிராம் இருவேளை போட்டவர்களில் 40.5, இரண்டையும் செய்தவர்களில் 39.5.

அதாவது நடையும் மாத்திரையும் ஏறக்குறைய சமம், இரண்டையும் சேர்த்தாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொன்று, நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, இருந்தும் பலன் கிடைத்தது. தராசு முள் நகரவில்லை என்று மனசு விட்டு நடையை நிறுத்துபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இதைவிட உறைத்தது அந்த 55. சும்மா இருப்பதுதான் இங்கே உண்மையான எதிரி, நம் ஊரில் எல்லைக்கோட்டில் இருந்து கோட்டைத் தாண்டுவது அவ்வளவு வேகமாக நடக்கிறது.

என் தீர்ப்பு: எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு முதலில் நடையும் சாப்பாடும்தான், அறுபது வயதுக்கு மேல் என்றால் இன்னும் உறுதியாக. அமெரிக்க ஆய்வில் அந்த வயதினருக்கு மெட்ஃபார்மின் பெரிதாக உதவவில்லை, நடைதான் உதவியது. உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்கள், கர்ப்பகாலத்தில் சுகர் வந்த பெண்கள், இவர்களுக்கு மெட்ஃபார்மின் நன்றாகவே வேலை செய்தது, அவர்கள் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். முட்டிவலியால் நடக்கவே முடியாதவரும் டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்கலாம், இதில் தோல்வி என்று எதுவும் இல்லை.

சாதமா சப்பாத்தியா என்ற போட்டியில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். நாலு சப்பாத்தியும் மாவுச்சத்துதான், சிறுதானியம் என்ற பெயரில் தட்டு நிறைய சாப்பிட்டாலும் அதேதான். சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுண்டல், பருப்பு, முட்டை, மீன், கீரை வைப்பதுதான் மாற்றம்.

கோட்டைத் தாண்டி சர்க்கரை நோய் என்றே உறுதியானவர்களுக்கு மேலே சொன்ன போட்டி பொருந்தாது, அங்கே மருந்து வேண்டுமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எதிர்ப்பை நேரடியாகக் குறைக்கும் பயோகிளிட்டசோன் என்ற மாத்திரைக்கு எடை ஏற்றும், கால் வீங்க வைக்கும் குணம் உண்டு, இதயம் பலவீனமானவருக்கு ஆகாது. கிளிமிபிரைடு கணையத்தை அதிகம் சுரக்கவைத்து எண்ணை வேகமாக இறக்கும், எதிர்ப்பை ஒன்றும் செய்யாது. இந்த வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போடுபவர்கள் திடீரென்று சாதத்தைப் பாதியாக்கினால், ஒருவேளை பட்டினி இருந்தால், லோ சுகரில் மயங்கி விழ வாய்ப்புண்டு. அதனால் சாப்பாட்டை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுவிடுங்கள், நடக்கப் போகும்போது சட்டைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும்.