பாஸ்தா இயந்திரத்துக்குப் பித்தளை அச்சு: லேத் பட்டறையில் செய்து வாங்கலாமா?

மாவைத் தானே பிசைந்து பிழிந்து தரும் பிலிப்ஸ் வகை பாஸ்தா இயந்திரங்களோடு வரும் அச்சுகள் பிளாஸ்டிக்கில் இருக்கும். அதில் பிழிந்த ஸ்பகெட்டி வழவழப்பாக, மினுங்கலாக வரும். சாஸ் ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். வெண்கலம் அல்லது பித்தளை அச்சில் பிழிந்தால் மேற்பரப்பு சொரசொரத்து, மாவு பூத்தாற்போல வெளிறி வரும். சாஸ் அதில் பிடித்துக்கொள்ளும். இத்தாலியின் கிரான்யானோ ஊர்ப் பாஸ்தாவுக்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கும் பாஸ்தாவை வெண்கல அச்சில்தான் பிழிய வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. வித்தியாசம் அவ்வளவு பெரியது.

தயாராகக் கிடைக்கும் உலோக அச்சை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். அல்லது கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இருப்பது போன்ற சிறிய லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். இந்த விமர்சனம் இரண்டாவது வழியைப் பற்றியது. சுருக்கமான தீர்ப்பு: ஸ்பகெட்டி போன்ற கம்பி வகைக்கும் நாடா வகைக்கும் தாராளமாகச் செய்யலாம். குழாய் வகைக்கு வேண்டாம், காரணம் கடைசியில்.

முதலில் செய்ய வேண்டியது அச்சு அல்ல, அதைத் தாங்கும் அடாப்டர் வளையம். இயந்திரத்தோடு வந்த அச்சின் வெளி விட்டம், தடிமன், பூட்டும் காதுகளின் (விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளின்) உயரம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதே அளவில் ஒரு வளையம் கடைய வேண்டும். நடுவில் உலோக அச்சு உட்காரக் குழி. இப்படிச் செய்தால் அடுத்தடுத்த வடிவங்களுக்கு உள் வட்டை மட்டும் மாற்றினால் போதும். வளையத்தை உணவுத் தரமுள்ள டெல்ரின் (கடினமான பிளாஸ்டிக்) ராடில் செய்யச் சொல்லுங்கள். வளையமும் உலோகமாக இருந்தால் இயந்திரத்தின் பிளாஸ்டிக் முகப்பைச் சுரண்டும், எடையும் கூடும். 60 மி.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன் உள்ள பித்தளை வட்டு ஒன்றே கிட்டத்தட்ட 290 கிராம் இருக்கும். வட்டுக்கும் குழிக்கும் இடையே 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி போதும், அதைவிடக் கூடினால் மாவு பக்கவாட்டில் பிதுங்கும். பட்டறைக்கு மூல அச்சையே கொடுத்துவிடுவது நல்லது. கையால் வரைந்த படத்தை மட்டும் நம்பினால் காதுகள் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

அடுத்து உலோகம். இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். லேத் பட்டறைகளில் சாதாரணமாகக் கிடப்பது எளிதில் வெட்டுப்படும் பித்தளை ராடு. கடையும்போது வரும் உலோகச் சுருள் உடைந்து விழுவதற்காகவே அதில் 2 முதல் 3.5 சதவீதம் வரை ஈயம் சேர்த்திருப்பார்கள். குழாய் மூட்டுக்கும் வால்வுக்கும் அது ஏற்றது, குழந்தைகள் சாப்பிடும் உணவு அழுத்தத்தோடு உரசிப் போகும் இடத்துக்கு ஏற்றது அல்ல. ஈயமில்லாப் பித்தளை அல்லது அலுமினிய வெண்கலம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், ராடு வாங்கிய இடத்தின் சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் ஒரு வெட்டுத் துண்டை ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு (உலோகக் கலவையைக் கண்டறியும் சோதனை) அனுப்பிப் பார்க்கலாம். பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்த கட்டி விலை குறைவாகக் கிடைக்கும். அதைத் தொடவே வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, வார்ப்பில் இருக்கும் சிறு காற்றுக் குழிகளில் மாவும் தங்கும். அலுமினிய வெண்கலம் கடினம் என்பதால் சிறிய டிரில்கள் உடையும், கூலி கூடும். அந்தக் கூலியைக் கொடுப்பது நியாயம்.

இனித் துளைகள். வேலையின் உயிர் இங்கேதான். பட்டறைக்காரர்கள் இடியாப்ப அச்சை மனதில் வைத்துக்கொண்டு ஒரே தடிமன் தகட்டில் நேராகத் துளை போட்டுத் தருவார்கள். இடியாப்ப மாவு சூடானது, மெத்தென்றிருப்பது. மெல்லிய தகடு போதும். பாஸ்தா மாவு ஈர மணல் போல உதிரியாக உள்ளே போய், அழுத்தத்தில்தான் ஒன்றாகச் சேர்கிறது. அதனால் ஒவ்வொரு துளைக்கும் இரண்டு கட்டம் வேண்டும்: உட்புறம் அகலமான நுழைவு, வெளிப்புறம் குறுகிய கழுத்து. 12 மி.மீ. வட்டில் நுழைவு 4.5 மி.மீ. விட்டத்தில் 8 மி.மீ. ஆழம், கழுத்து 1.8 மி.மீ. விட்டத்தில் 4 மி.மீ. நீளம். கழுத்து குட்டையானால் கம்பி சேராமல் பிசிறடிக்கும். நீளமானால் மோட்டார் திணறும்.

எத்தனை துளை என்பதை மொத்தத் திறப்பின் பரப்பு தீர்மானிக்கிறது. இயந்திரத்தோடு வந்த அச்சின் துளைகளை அளந்து, பரப்பைக் கூட்டிப் பார்த்து, புதிய அச்சையும் அதற்கு நெருக்கமாக வையுங்கள். 1.8 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு 2.54 சதுர மி.மீ. அப்படி 24 துளை போட்டால் 61 சதுர மி.மீ. பரப்பு மிகவும் குறைந்தால் அழுத்தம் ஏறி மாவு சூடாகும், இயந்திரம் நின்றுவிடும், முகப்பு விரிசல் விடவும் கூடும். மிகவும் கூடினால் மாவு இறுகாமல் சொதசொதவென்று விழும். 24 துளைகளை 34 மி.மீ. வட்டத்தில் 16, 20 மி.மீ. வட்டத்தில் 8 என்று பிரித்தால் நெரிசல் இருக்காது. வெளி வட்டத்துக் கம்பிகள் மெதுவாக வந்தால் அந்த 16 துளைகளின் நுழைவை மட்டும் அரை மி.மீ. ஆழமாக்கினால் வேகம் கூடும்.

பட்டறை வேலையின் தரத்தைப் பொறுத்தவரை, வட்டமாகக் கடையும் வேலையில் குறை சொல்ல இடமில்லை. விட்டம், தடிமன், முகம் எல்லாம் கேட்டபடி கிடைக்கும். குறைகள் இரண்டு, இரண்டுமே நல்லெண்ணத்தில் வருபவை. ஒன்று, பழக்கத்தில் எல்லாத் துளையின் வாயிலும் சரிவு வெட்டிவிடுவார்கள். உட்புறம் வெட்டலாம், மாவு வெளியேறும் முகத்தில் விளிம்பு கூர்மையாகவே இருக்க வேண்டும். டிரில் போட்ட பிறகு அந்த முகத்தை மெலிதாக ஒருமுறை கடைந்தால் பிசிறு போய்விடும், அது போதும். இரண்டு, பளபளப்புக்காகத் துளைக்குள்ளும் மெருகேற்றுவார்கள். மெருகேற்றினால் சொரசொரப்புப் போய், பிளாஸ்டிக் அச்சின் வழவழப்பே திரும்பக் கிடைக்கும். படத்திலேயே இரண்டையும் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

அச்சு கைக்கு வந்ததும் வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, முதல் 200 கிராம் மாவைப் பிழிந்து கொட்டிவிடுங்கள். துளைக்குள் ஒட்டிய உலோகத் துகளும் எண்ணெயும் அதோடு போய்விடும். பிழிவதற்கு முன் ஐந்து நிமிடம் வெந்நீரில் போட்டு, துடைத்து மாட்டுங்கள்; குளிர்ந்த உலோகத்தில் மாவு இறுகி முதல் கம்பிகள் கோணலாக வரும். தண்ணீர் அளவு 100 கிராம் மெல்லிய ரவை மாவுக்கு 33 முதல் 35 மி.லி. கையில் பிடித்தால் கட்டியாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசைந்த பின் பத்து நிமிடம் ஊறவிட்டால் மோட்டாருக்குச் சுமை குறையும். ஒரு விஷயம்: வேறு அச்சு மாட்டி இயந்திரம் பழுதானால் உத்தரவாதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

முடிந்ததும் அச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் மரக்குச்சியால் மாவைத் தள்ளி எடுக்கலாம். ஊசி வேண்டாம், கழுத்தைக் கீறிவிடும். வினிகர், எலுமிச்சை, புளி எதிலும் ஊறவைக்கக் கூடாது, செம்பு கரையும். நன்றாக உலர்த்தி வைக்காவிட்டால் உள்ளே தங்கிய மாவு புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

கையால் சுற்றும் உருளை இயந்திரம் வைத்திருப்பவர்கள், அட்லஸ் 150 போன்றவை, இந்தச் செலவில் இறங்க வேண்டாம். அதன் வெட்டு உருளைகளில் காடி (பள்ளம்) வெட்டுவதும் ஒட்டும் மாவை எடுக்கும் சுரண்டித் தகடு பொருத்துவதும் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

குழாய் வகைக்கு வருவோம். ரிகடோனி போன்றவற்றுக்குத் துளையின் நடுவே ஓர் ஊசி நிற்க வேண்டும். அதை மூன்று கால்கள் தாங்கும். மாவு அந்தக் கால்களில் மூன்றாகப் பிரிந்து, கீழே மீண்டும் ஒட்டி, குழாயாக வெளியே வரும். கால்களுக்குக் கீழே இடம் போதாவிட்டால் ஒட்டு சரியாகச் சேராது. கொதிநீரில் போட்டதும் குழாய் நீளவாக்கில் பிளக்கும். ஊசி மையத்திலிருந்து 0.1 மி.மீ. நகர்ந்தாலே தடித்த பக்கம் வேகமாக ஓடி, குழாய் மெல்லிய பக்கமாக வளையும். 12 மி.மீ. வெளி விட்டம், 10 மி.மீ. உள் விட்டத்தில் சுவர் வெறும் 1 மி.மீ. என்பதால் தவறுக்கு இடமே இல்லை. இவ்வளவு நுணுக்கத்தைச் சாதாரண லேத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது கடினம். குழாய் அச்சைத் தயாராக வாங்கி, அதன் விட்டத்தை வெர்னியரில் அளந்து, அது உட்காரும் டெல்ரின் வளையத்தை மட்டும் பட்டறையில் கடைந்துகொள்ளுங்கள்.