காஸ்பல் லைப்ரரி செயலி: மூன்று மாதம் படித்த பிறகு

என் அக்கா மகள் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையில் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அவங்க ஆளுங்க நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவாங்களாமே?" கடைசியில் நானே அவளிடம் கேட்டேன். "அதெல்லாம் 1890லேயே நிறுத்தியாச்சு சித்தி. நீங்களே படிங்க" என்று என் போனில் இதை ஏற்றிக் கொடுத்தாள்.

சபையே வெளியிடும் இலவசச் செயலி. வேத நூல்கள், தலைவர்களின் உரைகள், சபை வரலாறு எல்லாம் இதில் இருக்கின்றன. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் லைன் நன்றாக இருக்கும், எங்கள் தோட்டத்துப் பக்கம் மழை வந்தால் போய்விடும். டவுனுக்குப் போகும்போதே புத்தகங்களை இறக்கி வைத்துக்கொள்வேன். வரிகளுக்கு வண்ணம் பூசலாம், பக்கத்தில் குறிப்பும் எழுதலாம். நான் ஆங்கிலத்தில் படித்தேன்.

எனக்கு இந்தக் கேள்வி ஊர் வம்பு அல்ல. என் பாட்டி இரண்டாம் தாரம். ரப்பர் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்த தாத்தாவுக்கு ஒரே லயத்து வீட்டில் இரண்டு அடுப்பு. பெரிய பாட்டியின் அடுப்பு உள்ளே, என் பாட்டியுடையது கோழிக்கூண்டை ஒட்டின சாய்ப்பில். பால் வெட்டிவிட்டு வந்த கையோடு இருவரும் தனித்தனியாகச் சோறு வடிப்பார்கள். தாத்தா எந்தப் பக்கம் போய் உட்காருகிறார் என்று அன்றைக்குத்தான் தெரியும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு துணைதான் என்ற சட்டம் இங்கே 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது மூவருமே உயிரோடு இல்லை.

அதனால் நேராக, சபையின் வேத நூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 132ஆம் பிரிவைத் திறந்தேன். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், கர்த்தர் தனக்கு வெளிப்படுத்தியதாக 1843இல் சொல்லி எழுதவைத்தது அது. பலதார மணத்துக்கு ஆதாரம் அதுதான். அவருக்குக் கொடுக்கப்பட்ட மற்றப் பெண்களை அவர் மனைவி எம்மா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது 52ஆம் வசனம். எம்மாவோ ஜோசப்பை மட்டுமே பற்றியிருக்க வேண்டும், மீறினால் அழிக்கப்படுவாள் என்கிறது 54. அன்றைக்கு அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

இன்னொரு வேத நூலான மார்மன் புத்தகத்தில் யாக்கோபு 2ஆம் அதிகாரமோ ஒருவனுக்கு ஒரே மனைவி என்கிறது. கர்த்தரே வேறு விதமாகக் கட்டளையிட்டால் தவிர, அதுதான் விதி. சரி, கட்டளை வந்துவிட்டது என்று யார் சொல்வது? நின்றுவிட்டது என்று யார் சொல்வது? மார்மன்களுக்குள் நடந்த சண்டை மனைவிகளின் எண்ணிக்கையைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன். கர்த்தருக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்பதுதான் அதன் வேர் என்று இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது புரிந்தது.

பலதார மணத்தை நிறுத்துவதாக 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் வுட்ரஃப் வெளியிட்ட அறிக்கையும் இதில் இருக்கிறது. அதற்குள் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் நாடாளுமன்றமும் சபையை நெருக்கிவிட்டிருந்தன. அறிக்கைக்குக் கீழே அவருடைய உரைப் பகுதிகளையும் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. சபைத் தலைவர் மக்களைத் தவறான வழியில் நடத்தக் கர்த்தர் விடமாட்டார் என்கிறார். நிறுத்தாவிட்டால் ஆலயங்கள் பறிபோவதையும் தலைவர்கள் சிறைக்குப் போவதையும் தரிசனத்தில் கண்டதாகவும் சொல்கிறார். 2014இல் சபை வெளியிட்ட கட்டுரையையும் தவறாமல் படியுங்கள். ஜோசப் மணந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு 15 வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன என்பதை அதில் மறைக்கவில்லை.

ஆனால் இது ஒரு சபையின் குரல். மற்றவர்கள் சொல்வதை வெளியே தேடித்தான் படித்தேன். வுட்ரஃபுக்கு முந்தைய தலைவர் ஜான் டெய்லர், பலதார மணத்தைத் தொடரும் அதிகாரத்தை 1886லேயே சிலரிடம் இரகசியமாகக் கொடுத்தார் என்பது அடிப்படைவாதப் பிரிவினரின் வாதம். அரசாங்கத்துக்குப் பயந்து நித்தியக் கட்டளையை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். ஜோசப் இறந்த பின் சபையார் பலர் அமெரிக்காவின் யூட்டா பகுதிக்குக் குடியேறினார்கள். அங்கே போகாமல் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1860இல் ஜோசப்பின் மகனைத் தலைவராக ஏற்றார்கள். தன் தந்தை பலதார மணம் செய்யவே இல்லை என்று அவர் வாதாடினார். எம்மாவும் 1879இல் சாகும்வரை மறுத்தார். 54ஆம் வசனத்தைப் படித்த எனக்கு அந்த மறுப்பின் பாரம் தெரிகிறது.

இன்றைக்கு அக்கா மகள் சேர்ந்திருக்கும் யூட்டா சபையில் இரண்டாம் மனைவி எடுத்தால் வெளியேற்றம்தான். ஆனால் மனைவியை இழந்தவர் இன்னொரு பெண்ணை மணந்து அவளோடும் நித்தியத்துக்கு முத்திரிக்கப்படலாம், அதாவது சாவுக்குப் பிறகும் தொடரும் திருமணமாக ஆலயத்தில் இணைக்கப்படலாம். உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு ஒரே கணவனோடுதான் முத்திரிப்பு. போன மாதம் அக்கா மகள் வந்திருந்தபோது இதைக் காட்டினேன். ரொம்ப நேரம் போனையே பார்த்துவிட்டு, "அப்போ அங்கேயும் ரெண்டு அடுப்பா சித்தி?" என்றாள்.

நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். மூல ஆவணங்களை இவ்வளவு வெளிப்படையாகக் கையில் தருகிற செயலி இது. 132ஐத் திறக்கும் இடத்திலேயே அந்தக் காலத்துப் பெண்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வைத்தால் ஐந்தாவதையும் கொடுப்பேன்.